மூடியைக் கழற்று, திரையை விலக்கு!

காட்பாடி என்றதும் என்ன ஞாபகம் வரும்? ஜங்ஷன். ஆம்பூர் என்றால்? பிரியாணி, கை கழுவிவிட்டு யோசித்தால் ஷூ. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று சொல்லிக்கொண்டே போங்கள்: தோல், தோல், தோல், தோல்! இந்தத் தோல் ஊர்களுக்கு நடுவே இன்னொரு சரக்கும் சந்தடியில்லாமல் தயாராகிறது. கண் தெரியாதவர் கையில் கதைப்புத்தகம் சேர ஓர் இயந்திரம். உணர்ச்சி செத்த பாதத்துக்கு ஒரு செருப்பு. மடங்கிப்போன விரலுக்கு உளி பிடிக்கிற வலு. விடிய விடிய வாசலே இல்லாத ஒரு கூத்துக்களம்.

கலையை எல்லோருக்கும் கொண்டுபோவதைப் பற்றி நம் ஊரில் பேச்சு நடப்பதெல்லாம் மேடையில். ஒரு சால்வை, ஒரு மைக், 'மனிதநேயம்' என்று நாலு வாக்கியம், குரூப் போட்டோ. எனக்கோ மேடைக்குப் பின்னால் போகத்தான் கால் பரபரக்கிறது. திருகாணியை முடுக்கியது யார்? எத்தனை மில்லிமீட்டர்? என்ன பசை? எந்தக் கோணம்? கருணையால் திறக்காத கதவுகள் பட்டறையில் எப்படித் திறந்தன? வாருங்கள், ஒவ்வொரு மூடியாகக் கழற்றிப் பார்க்கலாம்.

பட்டறைப் பையன் லூயி

தோல் வேலை தெரிந்த வீட்டில் ஒரு குத்தூசி இல்லாமல் இருக்காது. பிரான்சில் கூவ்ரே என்ற சின்ன ஊரிலும் இருந்தது. அங்கே சிமோன் ரெனே பிரெயில் என்பவர் குதிரைச் சேணம் தைப்பவர், அசல் தோல் தொழிலாளி. 1809-ல் பிறந்த அவருடைய கடைக்குட்டி லூயி, மூன்று வயதில் அப்பாவின் பட்டறைக்குள் புகுந்து கூரான கருவி ஒன்றை எடுத்து விளையாடினான். அது கண்ணில் குத்தியது. பாதிப்பு மறு கண்ணுக்கும் பரவியது. பள்ளிக்கூடம் போகிற வயதுக்குள் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது.

பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்த அந்தப் பையனின் கைக்கு, சார்ல் பார்பியே என்ற ராணுவ அதிகாரி உருவாக்கிய புடைப்புப் புள்ளி எழுத்து வந்து சேர்ந்தது. ஓர் எழுத்துக்கு 12 புள்ளி வரை. விரல் நுனிக்குள் அடங்காத கூட்டம்! லூயி அதைப் பாதியாக வெட்டினான்: ஆறே புள்ளி. இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. அப்போது அவனுக்கு வயது 15. எந்தக் கருவி கண்ணைப் பறித்ததோ அதன் ஒன்றுவிட்ட தம்பியான இன்னொரு கூர்முனையால் தாளில் குத்திக் குத்தி எழுத்தைத் திருப்பி வாங்கிவிட்டான்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த செய்தி. 1829-ல் லூயி தன் முறையை முதன்முதலாகப் புத்தகமாக வெளியிட்டபோது, அதில் சொற்களை எழுதும் வழியோடு இசையை எழுதும் வழியும் இருந்தது. அவரே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். பாடப்புத்தகம் முதலில், பாட்டு கூத்தெல்லாம் பிறகு என்று யாரும் அவரிடம் வரிசை போட முடியவில்லை. தோல் பட்டறையில் வளர்ந்த பையன் என்பதால், ஆம்பூர்க்காரர்கள் அவரிடம் உறவு கொண்டாட முழு உரிமையும் உண்டு என்பது என் கட்சி.

காட்பாடியில் ஐந்து கிலோ அதிசயம்

லூயி காலத்து முறைக்கு ஒரு தொல்லை. பிரெயில் சிலேட்டில் தாளை மாட்டி, ஊசியால் மேலிருந்து குத்தினால் புள்ளி தாளின் பின்பக்கம் புடைக்கும். அதனால் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி பக்கம் மாற்றி எழுத வேண்டும். எழுதியதைப் படிக்கத் தாளைக் கழற்றித் திருப்ப வேண்டும். ஒரு கவிஞர் தன் முந்தைய வரியைத் தடவிப் பார்க்க எத்தனை தடவை கழற்றுவார், எத்தனை தடவை மாட்டுவார்?

அமெரிக்காவில் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுத்த டேவிட் ஆபிரகாம் என்ற வாத்தியார் இந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு கட்டினார். ஹெலன் கெல்லர் படித்த அதே பள்ளிதான். 1951-ல் பெர்கின்ஸ் பிரெய்லர் உற்பத்திக்கு வந்தது. அந்த இயந்திரத்தை இன்று பூட்டுகிற இடங்களில் ஒன்று நம் காட்பாடி!

காட்பாடி வொர்த் டிரஸ்டின் கதை 1963-ல் ஆரம்பிக்கிறது. தொழுநோயிலிருந்து குணமானவர்களை ஊர் திரும்பச் சேர்க்க மறுத்த காலம். அவர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியில் தொடங்கிய பயிற்சிப் பட்டறை அது. பிறகு மற்ற மாற்றுத்திறனாளிகளும் வந்தார்கள். வண்டி உதிரிபாகங்கள், குழந்தைகளுக்கான பொம்மைகள் என்று பட்டறை வளர்ந்தது. அந்த வரிசையில் பிரெய்லரும் சேர்ந்தது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மாற்றுத்திறனாளிகள். அதாவது, காது கேளாத ஒருவர் பூட்டிய இயந்திரத்தில் கண் தெரியாத ஒருவர் கதை எழுதலாம். நடுவில் தயாள குணம் படைத்த மூன்றாவது ஆள் யாரும் தேவைப்படவில்லை!

இப்போது மூடியைக் கழற்றுவோம். ஐந்து கிலோவை நெருங்கும் உலோகப் பெட்டி. முகப்பில் ஒன்பது விசைகள். நட்டநடுவில் இடைவெளி விசை. அதற்கு இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று: இவைதாம் ஆறு புள்ளிகள். இரண்டு ஓரங்களில் வரி மாற்ற ஒன்று, ஓரெழுத்து பின்வாங்க ஒன்று. சாதாரணத் தட்டச்சில் எழுத்துக்கு ஒரு தட்டு. இதிலோ ஒரே எழுத்துக்கு வேண்டிய விசைகளை எல்லாம் சேர்த்து அமுக்க வேண்டும், ஹார்மோனியத்தில் இரண்டு மூன்று கட்டைகளை ஒன்றாகப் பிடிப்பதுபோல. அமுக்கியதும் உள்ளே இருக்கிற முள்கள் தாளைக் கீழிருந்து மேலே தள்ளுகின்றன. புள்ளி மேல்பக்கம் புடைக்கிறது. எழுதிய கையோடு தடவிப் படித்துவிடலாம். கழற்றல் இல்லை, திருப்பல் இல்லை. வரி முடியப்போகிறது என்றால் ஒரு மணி 'டிங்' என்று அடிக்கும். மின்சாரமே வேண்டாம். கரண்ட் கட் என்றால் பிரெய்லர்க்காரருக்குச் சிரிப்புதான் வரும்.

ஒரு புள்ளியின் உயரம் சுமார் அரை மில்லிமீட்டர். பக்கத்துப் புள்ளிக்கு இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர் அளவு. உயரம் கொஞ்சம் குறைந்தால் விரலுக்குத் தட்டாது. கூடினால் தாள் கிழியும். ஆக, உள்ளே இருக்கிற ஒவ்வொரு முள்ளும் நெம்புகோலும் அந்த அரை மில்லிமீட்டருக்கு விசுவாசமாக இருந்தாக வேண்டும். இலக்கியம் என்று நாம் பெருமூச்சு விடுகிற சமாச்சாரத்துக்கு அடியில் இப்படி ஒரு திருகாணிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

63-க்குள் 247 எப்படி நுழைந்தது?

ஆறு புள்ளியை மாற்றி மாற்றி வைத்தால் கிடைக்கிற உருவங்கள் 63தான். தமிழுக்கோ 247 எழுத்து. கதை கந்தல்தானே? இல்லை! இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-ல் முடிவானது. பெர்கின்ஸ் இயந்திரம் வெளிவந்த அதே ஆண்டு என்பது சுவையான தற்செயல். அதன் தந்திரம் நம் இலக்கணத்திலேயே இருந்தது: உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் சேர்ந்தது. மெய்க்கு ஒன்று, உயிருக்கு ஒன்று என்று அடுத்தடுத்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இடது வரிசையில் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலது வரிசையில் 4, 5, 6 என்று எண் வைத்துக்கொள்ளுங்கள். 'அ' என்றால் 1 மட்டும். 'க' என்றால் 1, 3; அகரம் அதற்குள்ளேயே அடக்கம். 'ல' என்றால் 1, 2, 3. 'ஐ' என்றால் 3, 4. அப்படியானால் 'கலை' எழுத மூன்று கட்டம் போதும்: 13, 123, 34. அச்சில் 'லை'யின் இணைக்கொம்பு லகரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். பிரெயிலில் அந்தப் பேச்சே இல்லை. வாய் சொல்கிற வரிசையில் விரல் போகும். 'கொ'வுக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாகக் காவல் நிற்கிற குறிகளும் கிடையாது. க, பிறகு ஒ. அவ்வளவே.

இன்னொரு கூத்தும் உண்டு. அச்சில் புள்ளி எழுத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். பிரெயிலில் அது எழுத்துக்கு முன்னாலேயே ஓடிவந்துவிடும்: 4-ஆம் புள்ளி தனியாக வந்தால், 'அடுத்து வருவது மெய்யெழுத்து, பார்த்துக்கொள்' என்று அர்த்தம். 'அம்மா' எழுத 1, 4, 134, 134, 345. ஆரம்பப்பள்ளியில் புள்ளி வைக்க மறந்து அடி வாங்கிய எல்லோரும் பொறாமைப்படலாம்.

இந்த எழுத்தில் என்ன படிக்கக் கிடைக்கிறது என்பது அடுத்த கேள்வி. பூந்தமல்லியில் அரசுப் பார்வையற்றோர் பள்ளியும் பிரெயில் அச்சகமும் நெடுங்காலமாக இருக்கின்றன. சென்னையில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், பிரெயில் பிரிவுக்குத் தரைத்தளத்திலேயே இடம் ஒதுக்கியது. படியேறி வா என்று சொல்லவில்லை. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் தயாரித்த திருக்குறள், மணிமேகலை உள்ளிட்ட நூல்களின் பிரெயில் பதிப்புகள் 2023 டிசம்பரில் வாராணசியில் காசி தமிழ்ச் சங்கமம் விழாவில் வெளியாயின. பிரெய்லர் தாளில் வரிக்கு 42 கட்டம், பக்கத்துக்கு 25 வரி; பெரும்பாலான உயிர்மெய்க்கு இரண்டு கட்டம் என்று செலவழித்தால் ஒரு குட்டி நாவல்கூட எத்தனை பாகமாக ஊதிப்பெருகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அலமாரித் தச்சருக்கும் இந்தக் கலைப்பணியில் பங்குண்டு!

கைக்கும் காலுக்கும் ஒரு பட்டறை

காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி. 1955-ல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை அங்கே இருக்கிறது. இந்த வட்டாரத்தில் தொழுநோய்க் கைகளின் தலையெழுத்தை மாற்றியவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் டாக்டருக்குப் படிப்பதற்கு முன்னால் கட்டட வேலை கற்றவர். அந்தக் கொத்தனார் மூளைதான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வேலை செய்தது போலும்! நோய் நரம்பைத் தாக்கியதால் விரல்கள் பறவையின் கால்நகம்போல் மடங்கிவிடும். ஆனால் முன்கையில் நல்ல தசைகள் இன்னும் உயிரோடு இருக்கும். அதிலிருந்து ஒரு தசைநாரை வழிமாற்றி விரலோடு இணைத்துத் தைத்தார். கை விரிந்தது. பிறகு அந்தக் கைக்கு எதையாவது பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமே? நவஜீவ நிலையம் என்று குடிசைகளோடு ஒரு தச்சுப்பட்டறை. அங்கே குணமானவர்கள் மரப்பொம்மை செய்தார்கள். ஊர் பார்த்து ஒதுங்கிய விரல்களிலிருந்து பிள்ளைகள் கொஞ்சி விளையாடும் பொம்மைகள் வந்தன.

கால் விஷயத்தில்தான் நம் தோல் ஊர்களின் வாசனை அடிக்கிறது. தொழுநோயில் பாதத்துக்கு வலி தெரியாது. செருப்பு ஆணி உள்ளே குத்தினாலும் தெரியாது; நடந்துகொண்டே இருப்பார், புண் ஆழமாகும். அதனால் பிராண்டின் குழு செருப்பையே ஆராய்ச்சிப் பொருளாக்கியது. ஆணி கூடாது, ஒட்டலாம், தைக்கலாம். மேலே மெத்தென்று, பாதத்தின் பாரத்தைப் பரவலாகத் தாங்கும் நுண்துளை ரப்பர். அடியில் கெட்டியான சோல். அரசு ஆஸ்பத்திரிகளில் இன்றும் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று சொல்வது இந்தக் குடும்பத்து வாரிசைத்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற பெண்ணுக்குத் தெரிந்த அதே கணக்கு: தையல் எங்கே உறுத்தும், மடிப்பு எங்கே கடிக்கும். திருவிழாவுக்கு நடந்துபோய், நின்று, பார்த்து, புண்ணில்லாமல் வீடு திரும்புவது கலைக்கான முதல் டிக்கெட் என்றால், அதை அச்சடித்தவர் செருப்பு தைத்தவர்.

பிராண்ட் வேலை செய்த அதே வேலூரில்தான் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் ஒரு கார் விபத்து. இடுப்புக்குக் கீழே செயலில்லை. வயது முப்பதுகூட ஆகவில்லை. 'உட்கார்ந்துகொண்டே கையில் அறுவை செய்யலாமே' என்று யோசனை சொன்னவர் பிராண்ட். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளை மேரி சீர்செய்தார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறையின் முதல் தலைவரானார். 1966-ல் வேலூரின் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. முதுகுத்தண்டு அடிபட்டு அங்கே சிகிச்சை பெற்றவர்கள் ஆண்டுக்கொருமுறை 'ரீஹேப் மேளா' என்று திரும்பி வருகிறார்கள். உடம்புப் பரிசோதனை ஒருபக்கம், சக்கர நாற்காலிப் போட்டிகளும் கலை நிகழ்ச்சிகளும் இன்னொரு பக்கம். மாத்திரைச் சீட்டும் மேடை ஏறும் வரிசைச் சீட்டும் ஒரே கையில்!

திரைக்குப் பின்னால் ஒரு வர்ணனையாளர்

இனி கூத்துக்களம். வடஆற்காட்டுப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் என்றால் பகலில் கதை, ராத்திரி கூத்து. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கே ஒப்பனைக் கொட்டகையில் கூட்டம். கையகலக் கண்ணாடி, அரிதாரம், லேசான மரத்தில் செதுக்கி கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் பதித்த கிரீடம், தோளுக்குப் புஜக்கட்டை, மார்புக்குப் பதக்கம். எல்லாமே பிரம்மாண்டம், ஏனென்றால் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும்.

அப்புறம் நடக்கிறது மந்திரம். இருவர் ஒரு துணியைப் பிடிக்க, துரியோதனன் அதன் பின்னால் நின்று பாடுகிறார்: தான் யார், எப்படி வருகிறேன், என்ன அணிந்திருக்கிறேன், என்ன பெருமை. திரை விலகியதும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வம்புக்கு இழுத்து அதே செய்திகளை இன்னொரு தடவை கறக்கிறான். யாராவது நுழைந்தால் அறிவிப்பு, போனால் அறிவிப்பு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஒரு காட்சிகூடத் தவறாது! இன்று உலகமெங்கும் நாடக அரங்குகள் 'ஒலி வர்ணனை' என்று காதில் ஒரு கருவி மாட்டிச் செய்வதை, நம் வாத்தியார்கள் முகவீணையும் மிருதங்கமும் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறார்கள். களத்துக்குப் படிக்கட்டு இல்லை, கதவு இல்லை, டிக்கெட் இல்லை. சக்கர நாற்காலி நேராக முன்வரிசைக்குப் போகலாம். ஜமுக்காளத்தில் தூங்கி எழுந்தும் பார்க்கலாம்.

ஆனால் 'எல்லோருக்கும்' என்ற சொல்லை அதற்குள் கொண்டாடிவிடாதீர்கள். யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் தெருவுக்குள் சாமியும் கூத்தும் போகவில்லை என்பதைச் சேரிக்காரரிடம் கேட்டால்தான் தெரியும். அதற்குத்தான் பறைப் பக்கம் போகிறோம்.

நெருப்பில் சுருதி சேர்க்கும் வாத்தியம்

பறை அடிப்பதற்கு முன்னால் அதைக் காய்ச்ச வேண்டும். மரச்சட்டத்தில் இழுத்து ஒட்டிய கன்றுத்தோல் ஈரம் ஏறினால் தொய்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்தி, அனலில் காட்டிச் சுற்றிச் சுற்றித் திருப்பி, விரலால் சுண்டிச் சுண்டிக் கேட்பார்கள். தோல் இறுகி 'கிண்'ணென்று பதில் சொன்னதும் தோளில் மாட்டல். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, மறு கையில் நீளமான சிண்டுக்குச்சி. ஆட்டம் ஆரம்பம்!

தோலைத் தொட்டவரைத் தள்ளிவைத்த சாதி, தோலால் செய்த மிருதங்கத்தைச் சபாவில் உட்காரவைத்தது. பறையைச் சாவு வீட்டு வாசலோடு நிறுத்தியது. பதனிட்ட தோல் கப்பலேறினால் அந்நியச் செலாவணி, பதனிட்டவர் தெருவுக்குள் ஏறினால் தீட்டு. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டவர்கள் கலைஞர்களேதான். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடினார்கள். 2025-ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிப்பு வந்தது. இன்று கல்லூரி விழா, கல்யாணம், பேரணி என்று பறை இல்லாத இடம் குறைவு.

பறைக்கு இன்னொரு ரசிகர் கூட்டமும் உண்டு: காது கேளாதவர்கள். அடி நெஞ்சில் இறங்கும், தரையில் ஓடும். ஸ்காட்லாந்தின் எவலின் கிளென்னி காது கேளாத உலகப்புகழ் தாளக் கலைஞர். அதிர்வைப் பாதத்தால் வாங்கிக்கொள்ள வெறுங்காலில் நின்று வாசிப்பவர். ஆகவே மேடை அமைப்பாளர்களே, சிமென்ட் தரையைவிட மரப்பலகை நன்றாக அதிரும். காது கேளாத பிள்ளைகள் ஆடப்போகிறார்கள் என்றால் பலகை போடுங்கள், பறையைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

மூன்றடிக்கு முப்பத்தாறு அடி

கலையின் கதவை எல்லோருக்கும் திறக்கச் சட்டம் தயாராகத்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 29-ஆம் பிரிவு முழுக்கக் கலைக்கும் பொழுதுபோக்குக்கும் உரியது: மாற்றுத்திறனாளிக் கலைஞருக்கும் எழுத்தாளருக்கும் ஆதரவு, கலைப் பாடத்திட்டங்களைத் திருத்தி அமைத்தல், மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகம்கூட! 2024 மார்ச்சில் சினிமா தியேட்டர்களுக்கும் மத்திய அரசு வழிகாட்டுதல் வந்தது: காது கேளாதவருக்கு எழுத்துவரி, பார்வையற்றவருக்கு ஒலி வர்ணனை. இந்த வர்ணனை எழுதுகிறவர் பாடுதான் வேடிக்கை. வசனத்தின் மேல் ஏறக்கூடாது. கதாநாயகன் மூச்சு வாங்கும் இரண்டு விநாடிக்குள் 'கதவு திறக்கிறது, கையில் கத்தி' என்று நுழைந்து வெளியேறிவிட வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளருக்கோ வேறு கவலை. கைகள் எடுப்பாகத் தெரிய ஒரே நிறத்தில் பூப்போடாத சட்டை. மேடையில் விளக்கு அணைந்தாலும் அவர்மேல் ஒரு வெளிச்சம் அணையாமல் இருக்க வேண்டும். அதை லைட்டிங் ஆளிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், உச்சக்கட்டத்தில் அரங்கத்தில் சிலருக்கு மட்டும் கதை நின்றுபோகும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சக்கர நாற்காலிச் சாய்வுப் பாதைக்குப் பொதுவான அளவு, ஓரடி ஏற 12 அடி நீளம். உங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்து மேடை மூன்றடி உயரமா? 36 அடி வேண்டும்! பல இடங்களில் பாதை பார்வையாளர் நாற்காலி வரைக்கும் போய் நின்றுவிடுகிறது. மாற்றுத்திறனாளி என்றால் பார்க்கத்தான் வருவார், ஆட வரமாட்டார் என்று கட்டட வரைபடம் தானாக முடிவு கட்டிவிட்டது. மேடைக்கு வழி எங்கே, ஒப்பனை அறைக்கு வழி எங்கே, அங்கே கழிவறைக் கதவு எத்தனை அகலம் என்று அடுத்தமுறை மண்டபம் பார்க்கப் போகும்போது கேளுங்கள். மேனேஜர் தலையைச் சொறிந்தால், டேப்பை எடுத்து நீங்களே அளந்து காட்டுங்கள். விழா அழைப்பிதழில் 'தங்கள் வரவை நாடும்' என்பதற்கு மேலே ஒரு வரி சேருங்கள்: சாய்வுப் பாதை உண்டு, சைகை மொழி உண்டு. அச்சகத்தில் அதற்குத் தனிக் காசு கேட்கமாட்டார்கள்.

போகும் முன் ஒரு வீட்டுப்பாடம். ஓர் அட்டையை எடுத்து, பேனா முனையால் பின்பக்கத்திலிருந்து குத்தி, ஆறு கட்டங்களில் இந்தப் புள்ளிகளைப் புடைக்க வையுங்கள்: 1236, 15, 123, 1256, 4, 1235. உதவிக் குறிப்பு: வ என்றால் 1236, ஏ என்றால் 15, ஊ என்றால் 1256, ர என்றால் 1235, லகரத்தையும் புள்ளியையும் மேலே சொல்லிவிட்டேன். பின்பக்கம் குத்துவதால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு கட்டத்தையும் பக்கம் மாற்றி எழுத மறக்காதீர்கள்! விடை கண்டுபிடித்தவர்களுக்குப் பாராட்டு உண்டு. கைதட்டல் கிடையாது, காது கேளாதோர் வழக்கப்படி இரண்டு கையையும் தலைக்குமேல் உயர்த்தி, விரல்களை விரித்து, ஜோராக ஆட்டுங்கள் பார்க்கலாம்!